கெண்டைக்கு இரை பிசைதல்

மீன் பிடித்தலைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் மீனைக் கொண்டு தொடங்குவர். அன்றேல் தூண்டிலைக் கொண்டு தொடங்குவர். இரையைக் கொண்டு தொடங்குவார் மிகச் சிலரே. வாய்க்காற் கரையில் மண்வெட்டியால் இரண்டு கொத்துக் கொத்தி, கிடைத்த மண்புழு நாலைந்தைச் சிரட்டையிற் போட்டுக்கொண்டு போனால் இரை வேலை முடிந்தது என்பதே பலரும் கொண்ட எண்ணம். கெளிற்றுக்கும் விலாங்குக்கும் அவ்வளவே போதும், கெண்டைக்குப் போதாது. புழுவைக் கண்ட மாத்திரத்திற் குளத்திலுள்ள சிறு மீனெல்லாம் முந்திக்கொண்டு வரும். பெருங்கெண்டை அசைந்து அசைந்து வந்து சேருமுன் முள் வெறுமையாய்விடும். ஆகவே கெண்டையை விரும்புவோன் தன் இரையை மண்ணில் தேடாது வீட்டு அடுக்களையில் தேடவேண்டியவனாகிறான். மாவும் பிண்ணாக்கும் தவிடும் இனிப்பும் கூட்டிப் பிசைந்த இரையே அவனுக்குத் துணை. அப்பிசைதலைப் பற்றியே ஈண்டுச் சில கூற விரும்புகின்றேன். 'கல்லூரி மலரில் எழுதத்தக்க பொருளோ இது?' என வினவுவார் இருக்கலாம். அடுக்களையும் குளத்தங்கரையும் விலங்கியற் கூடமும் ஒருங்கு கூடும் இடங்கள் உலகில் மிகப் பல இல்லை என்பதே அன்னார்க்கு என் விடை.

முதலிற் கெண்டையின் வாயை அறிந்துகொள்ளல் வேண்டும். யான் இக்கல்லூரியில் விலங்கியல் பயின்ற நாளில் எங்கள் ஆசிரியர் ஒரு சாதாக் கெண்டையின் தலையை அறுத்துக் காட்டினார். தாடையில் ஒரு பல்லேனும் இல்லை. 'பல்லில்லாத இது நெல்லையும் நத்தையையும் எங்ஙனம் அரைக்கின்றது?' என்று அவர் வினவ, யாங்கள் ஒருவரையொருவர் நோக்கினோம். அவர் செவுளை நீக்கித் தொண்டையைத் திறந்தார். அங்கே, கடைசிச் செவுள் வளைவின் பின்னே, அம்மிபோலும் தட்டையான பற்கள் இருபுறமும் அமைந்திருந்தன. கெண்டை தன் இரையைக் கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. சேறும் கல்லும் தழையும் இரையோடு சேர்ந்தே வாய்க்குள் போகின்றன. வாயின் மேற்கூரையிலுள்ள தசை மெத்தையொன்று அவற்றுள் உணவு இது, மண் இது எனப் பிரித்தறிகிறது. வேண்டாதது வெளியே உமிழப்படுகிறது; வேண்டியது தொண்டைப் பற்களிடையே அரைபடுகிறது. அதற்கு இரைப்பை என்று தனியே ஒன்றில்லை. நீண்ட குடலே உண்டு. ஆதலின் ஒரே வேளையிற் பெருவிருந்து உண்டு கிடத்தல் அதன் இயல்பன்று. சிறிது சிறிதாக மேய்ந்துகொண்டே இருக்கும்.

இன்னும் ஒன்று. சாதாக் கெண்டையின் வாயோரத்தில் நான்கு மீசைகள் உள. அம்மீசைகளிலும், உதட்டிலும், உடலின் தோலிலுங்கூடச் சுவையறியும் மொட்டுகள் இருக்கின்றன. நீரிற் கரைந்து வரும் அமினோ அமிலங்களை மிக மிகச் சிறிய அளவிலும் அது உணரவல்லது. கலங்கல் நீரிற் கண் உதவாதபோது அதற்கு நாவே கண்.

இவற்றிலிருந்து இரை செய்வோன் அறியவேண்டிய உண்மைகள் மூன்று. சுவை நீரிற் கரைந்து சென்று மீனை அழைத்தல் வேண்டும். மீன் வந்து சேரும்வரை இரை முள்ளைவிட்டு நீங்காதிருத்தல் வேண்டும். உறிஞ்சியபோது மெத்தென்றிருந்து, முள்ளின் வன்மை தோன்றாது மறைத்தல் வேண்டும். கரையவும் வேண்டும், கரையாதிருக்கவும் வேண்டும் என்பது முரணாகத் தோன்றும். அம்முரணைத் தீர்ப்பதே இக்கைத்தொழிலின் முழுப் பொருளும்.

இம்முயற்சி நம் நாட்டிற்கே உரியது அன்று. இங்கிலாந்தில் ஐசக் வால்ட்டன் என்பார் 1653-இல் வெளியிட்ட தூண்டில் நூலிற் கெண்டைக்கெனவே ஓர் அதிகாரம் உளது. தேனும் மாவும் கூட்டிப் பிசைந்த இரைகளை அவர் விரித்துரைக்கின்றார். நீர் அரித்துவிடாதிருக்க ஆட்டு மயிரைச் சிறிது சேர்த்துப் பிசையுமாறும், ஆண்டு முழுதும் கெடாதிருக்கத் தேன்மெழுகு கூட்டுமாறும் வழி சொல்கின்றார். கெண்டை பிடிக்கப் புகுவோனுக்கு மிகுந்த பொறுமை வேண்டும் என்பதையும் அவர் மறைத்தாரில்லை. 1952-இல் அந்நாட்டிலே ரிச்சர்டு வாக்கர் என்பவர் ரெட்மயர் என்னும் சிறு குளத்தில் 44 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 20 கிலோ நிறையுள்ள கெண்டையொன்றைப் பிடித்தபோது முள்ளில் இருந்தது ரொட்டியே. பின்னாளில் அங்குள்ளோர் மாவுடன் முட்டை சேர்த்து உருட்டிக் கொதிநீரிலிட்டு எடுக்கலாயினர். நம் வீட்டுக் கொழுக்கட்டையின் உறவினன் என்றே அதனைக் கூறலாம். வெந்த மேற்றோல் சிறு மீன்களின் கொத்தலைத் தாங்கும். உள்ளேயுள்ள சுவை மெல்ல வெளிப்படும். சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியில் இருந்த எச். எஸ். தாமஸ் என்பார் 1873-இல் இந்திய ஆறுகளின் தூண்டில் வேட்டையைப் பற்றி ஒரு நூல் எழுதியதோடு அமையாது, 1887-இற் குளத்து மீன்களுக்கெனத் தனியே மற்றொரு நூலும் எழுதினார். நம் குளங்கள் ஒரு நூலுக்கு இடந்தரும் தகுதி உடையன என்பதை அவர் அன்றே கண்டார்.

நம் குளங்களில் இன்று மேயும் மீன்கள் யாவும் பழங்குடிகள் அல்ல. சேல் என்றும் கயல் என்றும் புலவர் கண்ணுக்கு உவமை கூறிய மீன்கள் வேறு. இன்று சந்தையிற் கெண்டையென விற்கும் மீன்கள் பெரும்பாலும் வேறு. சாதாக் கெண்டையின் ஒரு வகை 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது; வெப்ப நாட்டிற்கேற்ற மற்றொரு வகை 1957-இற் பாங்காக்கிலிருந்து வந்தது. அதே 1957-ஆம் ஆண்டு சூலை 10-ஆம் நாள் கட்டாக்கில் ஹீராலால் சௌதுரி என்னும் அறிஞர் ஊசி மருந்தினால் நம் நாட்டுப் பெருங்கெண்டைகளை முட்டையிடச் செய்தார். அதன் பயனாக வடநாட்டு ஆறுகளுக்குரிய கட்லாவும் ரோகுவும் மிர்காலும் குஞ்சுகளாகப் பெருகித் தென்னாட்டுக் குளங்களையும் நிரப்பின. கட்லா மேல் நீரில் மேயும். அதன் வாய் வானத்தை நோக்கியிருக்கும். ரோகு இடைநீரில் மேயும். மிர்கால் அடித்தரையைத் துழாவும். ஆகவே இரையை எந்த ஆழத்தில் நிறுத்துவது என்பதும் இரையின் இலக்கணத்திலே ஒரு பகுதியாகும். இவற்றிடையே 1952-இல் நம் நாட்டிற்கு வந்து, இன்று 'ஜிலேபி' என்னும் செல்லப் பெயருடன் குளந்தோறும் பெருகியிருக்கும் திலேப்பியாவும் உண்டு. கெண்டைக்கென இட்ட இரையைக் கொத்திக் குலைப்பதே அதற்குத் தொழில்.

இத்தனையும் நூலறிவு. இவற்றுள் ஒன்றையும் அறியாது, ஆயினும் இவை அனைத்தையும் தம் விரல் நுனியில் வைத்திருந்தவர் என் தாய்மாமன். திருநெல்வேலிச் சீமையில் எங்கள் ஊரைச் சூழ்ந்த நான்கு சிற்றூர்களுக்கு முப்பதாண்டு தபால் சுமந்தவர் அவர். நாள்தோறும் குளக்கரை வழியாகவே நடந்து செல்வார். எந்த மடையருகே எந்த மாதம் மீன் தலை காட்டும், மறுகால் பாய்ந்த பின் எத்தனை நாளில் நீர் தெளியும் என்பன அவருக்கு நன்கு தெரியும். ஓய்வு பெற்ற பின்னர்க் கடிதப் பை இருந்த தோளில் தூண்டிற் கழி ஏறிற்று. அவர் பிசைந்த மாவுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு பெயர் உண்டு. ஐந்து பேர் வரிசையாக அமர்ந்து தூண்டிலிட்டால் அவருடைய தக்கையே முதலில் அசையும். 'என்ன போடுகிறீர் ஐயா?' என்று கேட்போருக்கு, 'பிண்ணாக்கும் தவிடும்தான், வேறென்ன?' என்பார். அவர் ஒளித்துரைத்தார் அல்லர். பிறரும் பிண்ணாக்கும் தவிடுமே இட்டனர். மீன் அங்கே வரவில்லை. 'எத்தனை பங்கு மாமா?' என்று ஒருமுறை யான் கேட்டதற்கு, தம் வலக்கையை விரித்துக் காட்டி, 'இது சொல்லும், மருமகனே' என்றார்.

2011-ஆம் ஆண்டு ஐப்பசியில் அவரைப் பக்கவாதம் தாக்கிற்று. உயிர் தப்பியது, ஆயின் வலக்கையும் வலக்காலும் ஓய்ந்தன, பேச்சும் நின்றது. சில மாதங்கள் கழிந்தபின் இரண்டு சொற்கள் மீண்டன. ஒன்று 'சரி', மற்றொன்று 'போதும்'. நாங்கள் கூறுவனவெல்லாம் அவருக்கு விளங்கின. கூறவேண்டியனவும் அவர் உள்ளத்தில் இருந்தன என்பது கண்களிலே தெரிந்தது. அவற்றை வெளியே கொணரும் வாயில் அடைபட்டது. முப்பதாண்டு பிறர் செய்தியைக் கொண்டு சேர்த்தவர் தம் செய்தியைச் சேர்க்க வழியின்றி முற்றத்துக் கட்டிலிற் கிடந்தார்.

கைக்குப் பயிற்சி தர வந்தவர் ஒரு ரப்பர்ப் பந்தைக் கொடுத்து இரு கையாலும் நாள்தோறும் பிசையச் சொல்லிப் போனார். மாமா அப்பந்தை ஒரு நாள் பார்த்தார். மறுநாள் கட்டிலின் கீழே உருட்டிவிட்டார். அத்தை அதனை எடுத்துக் கொடுப்பதும் அவர் உருட்டிவிடுவதுமாகச் சில நாட்கள் சென்றன. அக்காலத்தில் யான் நகரத்தில் வேலை பார்த்துச் சனிக்கிழமைதோறும் ஊருக்கு வருவேன். 2012-ஆம் ஆண்டு மாசியில் ஒரு சனிக்கிழமை, பந்துக்குப் பதிலாகப் பிண்ணாக்கும் தவிடும் கோதுமை மாவும் கூட்டிப் பிசைந்த உருண்டையொன்றை அவர் இடக்கையில் வைத்தேன். அவர் அதனை அழுத்தினார், கிள்ளினார், மூக்கருகே கொண்டுபோனார், பின்னர் முற்றத்திலிருந்த கோழிகளுக்கு எறிந்துவிட்டார். எறிந்தபின் என்னை நோக்கிக் கையை நீட்டினார். மற்றொன்று கொண்டுவா என்பது அதன் பொருள். நோயுற்ற பின் அவர் தாமாக ஒன்றை வேண்டியது அன்றுதான்.

அன்று முதல் ஒரு குறிப்பேடு வைத்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கூட்டு. ஒவ்வொரு கூட்டுக்கும் ஓர் எண். பிண்ணாக்கு எத்தனை கிராம், தவிடு எத்தனை, மாவு எத்தனை, நீர் எத்தனை என எழுதுவேன். மாமா கையிலெடுத்துப் பார்ப்பார், கோழிக்கு எறிவார். அவ்வாண்டு அத்தையின் கோழிகள் நன்றாகக் கொழுத்தன. நான்காம் கூட்டு உதிர்ந்தது; ஐந்தாம் கூட்டு பசைபோல ஒட்டிற்று. ஆறாம் முறை, எறிவதற்கு முன் சற்று நின்றார். தம் இடக்கையால் தமது காதின் அடிமடலைப் பிடித்து அழுத்தினார். பின் உருண்டையை அழுத்தினார். மீண்டும் காதை அழுத்தினார். பிறகு என் விரலைப் பற்றித் தம் காதுமடலில் வைத்தார். மாவு எத்துணை மென்மையாய் இருத்தல் வேண்டும் என்பதற்கு அளவுகோல் அதுவே. தராசு காட்டாத அளவை, பேச்சிழந்த ஒருவர் தம் காதிலே காட்டித் தந்தார். அதன்பின் பதம் தவறவில்லை.

பதம் வந்தும் மணம் வரவில்லை. ஏழு முதற் பன்னிரண்டு வரை சோம்பு, வெந்தயம், ஏலம், கருப்பட்டி, சர்க்கரை என மாற்றி மாற்றிக் கூட்டினேன். கருப்பட்டியும் வெந்தயமும் சோம்பும் சேர்ந்த கூட்டை நெடுநேரம் முகர்ந்தார்; எறியவில்லை; ஆயின் 'சரி' என்றும் கூறவில்லை. அடுக்களைப் பக்கமாகக் கையைக் காட்டினார். தண்ணீர் கொடுத்தோம், வேண்டாமெனத் தலையசைத்தார். மீண்டும் அடுக்களையைக் காட்டினார். அத்தை சிறிது நேரம் அவர் முகத்தையே பார்த்திருந்தாள். பின்பு சிரித்துக்கொண்டே உள்ளே போய்ப் பழைய சோற்றுப் பானையை எடுத்துவந்தாள். 'இதைத்தான் கேட்கிறார். முப்பது வருஷமாக நான் வெயிலுக்குக் குடிக்க வைத்திருக்கும் நீராகாரத்தில் பாதி இவர் மாவுக்குத்தானே போயிற்று' என்றாள். பதினான்காம் கூட்டைத் தண்ணீருக்குப் பதிலாகப் புளித்த நீராகாரம் ஊற்றிப் பிசைந்தேன். மாமா வாங்கினார், அழுத்தினார், முகர்ந்தார், 'சரி' என்றார். கோழிகளுக்கு அன்று ஒன்றுமில்லை.

அக்கூட்டினை இங்கே எழுதி வைக்கின்றேன். செக்கில் ஆட்டிய கடலைப் பிண்ணாக்கு 400 கிராம். அரிசித் தவிடு 200 கிராம். கோதுமை மாவு 200 கிராம். கருப்பட்டி 50 கிராம். வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு தேக்கரண்டி. பொடித்த சோம்பு இரண்டு தேக்கரண்டி. முதல் நாள் இரவு ஊற்றி வைத்துப் புளித்த நீராகாரம் 350 முதல் 400 மில்லிலிட்டர் வரை. பிண்ணாக்கை வெயிலில் உலர்த்தி, இடித்துச் சலித்து, மணம் எழும் அளவுக்கு வெறுஞ்சட்டியில் வறுத்தல் வேண்டும்; கருகவிடலாகாது. கோதுமை மாவிற் பாதியைச் சிறிது நீராகாரம் விட்டுப் பிசைந்து, துணியிற் கட்டி இட்லிக் கொப்பரையில் வேகவைத்து எடுக்கவேண்டும். வெந்த மாவை ஆறியபின் எஞ்சிய பொருள்களோடு கலந்து, கருப்பட்டியைக் கரைத்த நீராகாரத்தைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசையவேண்டும். பிசைந்ததை ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் வைத்தால் தவிடு நீரை உறிஞ்சிக்கொள்ளும். பின்பு மீண்டும் ஒருமுறை பிசைந்து காதுமடற் பதம் பார்க்கவேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. கடலைப் பிண்ணாக்கு புரதம் மிக்கது. செக்குப் பிண்ணாக்கில் எண்ணெயும் சிறிது எஞ்சி நிற்கும். கெண்டையை அழைப்பது அதுவே. கோதுமை மாவைப் பிசையும்போது அதன் புரதம் இழையிழையாக இணைந்து வலைபோல் ஆகிறது. அவ்வலையே இரையை முள்ளோடு பிணைக்கின்றது. வேகவைத்த பாதி பசையாகி அதற்குத் துணை நிற்கிறது. தவிடோ நீரில் ஊறி மெல்ல மெல்ல உதிர்ந்து புகைபோலப் பரவும். ஒன்று பிடித்து வைக்கும். மற்றொன்று விட்டுக் கொடுக்கும். கரையவும் கரையாதிருக்கவும் வேண்டும் என்ற முரண் இங்ஙனம் தீர்கின்றது. நீராகாரத்தின் புளிப்பு, சோற்றில் வளரும் நுண்ணுயிர்கள் ஆக்கும் லாக்டிக் அமிலத்தால் வருவது. இரை சரியாய் அமைந்ததா என்று அறியக் குளத்துக்குப் போகவேண்டியதில்லை. ஒரு கண்ணாடித் தம்ளரில் நீர் நிரப்பி நெல்லிக்காயளவு உருண்டையொன்றை இட்டுப் பாருங்கள். இருபது நிமிடம் உருக்குலையாதிருந்து, சுற்றிலும் மெல்லிய மூடுபனிபோலத் துகள் உதிர்க்குமாயின் நன்று. உடனே சிதைந்தால் கோதுமை மாவு போதவில்லை; கல்போற் கிடந்தால் தவிடு போதவில்லை. ஜிலேபி மீன்களின் தொல்லை மிகுந்த குளமாயின் ஒரு முட்டையையும் அடித்துச் சேர்த்து, உருண்டைகளைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் இட்டெடுத்து உலர்த்திக்கொள்ளலாம். மாமா முட்டை சேர்த்தவர் அல்லர்.

எச்சரிக்கையாகவும் சில சொல்லவேண்டும். பூஞ்சை பிடித்த பிண்ணாக்கை ஒருபோதும் கொள்ளலாகாது. 1960-இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய ஓரிலட்சம் வான்கோழிகள் மாண்டன. காரணம் ஆராய்ந்தபோது அவை தின்ற கடலைப் பிண்ணாக்கிற் பூஞ்சையொன்று உண்டாக்கிய நஞ்சு எனக் கண்டனர். அஃபிளாடாக்சின் என்னும் அந்நஞ்சு ஈரலைக் கெடுக்க வல்லது. மீன் மீளும், நாம் உண்போம், அல்லது உண்ணாது விடுவோம். எவ்வாறாயினும் நஞ்சை நீரில் இடுதல் தகாது. இரையை மிகுதியாக வாரி இறைத்தலும் தீது. தின்னப்படாத மாவு அடியிற் கிடந்து அழுகி, நீரிலுள்ள உயிர்வளியை உண்டுவிடும். கோடையில் நீர் குன்றிய குளத்தில் அது மீனுக்குக் கேடாகும். மீனைக் கூட்டுவதற்கு எலுமிச்சங்காயளவு உருண்டை நாலைந்து போதும். குளங்கள் பலவும் குத்தகைக்கு விடப்படுவன. குஞ்சு விட்டு வளர்ப்பவன் உழைப்பு அதில் உண்டு. அவன் இசைவு பெறாது தூண்டிலிடுவது திருட்டேயாகும்.

எங்கள் ஊர்க் குளத்தின் குத்தகைதாரரிடம் யான் இசைவு கேட்கச் சென்றது 2013-ஆம் ஆண்டு பங்குனியில். மாமாவுக்காக என்று கூறியதும், 'என் அண்ணன் பட்டாளத்திலிருந்து அனுப்பிய பணத்தையெல்லாம் எங்கள் அம்மா கையில் எண்ணிக் கொடுத்தவர் அவர். எப்போது வேண்டுமானாலும் வரட்டும்' என்றார் அவர். ஒரு நாற்காலியில் இருத்தி, மூவர் தூக்கிச் சென்று மருதமர நிழலில் மாமாவை வைத்தோம். பதினான்காம் கூட்டு ஈரத்துணியிற் பொதிந்து அவர் மடியில் இருந்தது. ஒற்றைக் கையால் முள்ளுக்கு மாவு பொதிதல் இயலாது. ஆகவே முள்ளை யான் பிடித்துக்கொண்டேன். மாவை அவர் பொதிந்தார். கிள்ளி, உருட்டி, முள்ளின் முனை மறைய நீள்வாக்கில் அழுத்தும் அச்சிறு செயல் அவருக்கு நெடுநேரம் பிடித்தது. விரைந்து முடிக்க யான் கை கொடுத்தேனில்லை. அவரும் விரையவில்லை.

சோளத்தட்டையிற் செய்த தக்கை ஒரு மணி நேரம் அசையாதிருந்தது. சிறு குமிழிகள் அடியிலிருந்து எழுந்து அதனைச் சூழ்ந்தபோது மாமாவின் இடக்கை என் முழங்கையைப் பற்றிற்று. தக்கை முழுகவில்லை, எழுந்து படுத்தது. அடியில் மேயும் மீன் இரையை உயர்த்துங்கால் ஈயக்குண்டின் பாரம் நீங்கத் தக்கை அங்ஙனம் படுக்கும். அறியாதவர் அது முழுகுமென்று காத்திருப்பர். முழங்கைப் பிடி இறுகிய கணத்தில் யான் கழியை உயர்த்தினேன். கரை சேர்ந்தது ஒரு மிர்கால். ஒன்றே முக்காற் கிலோ இருந்தது. அடுத்த முள்ளுக்கு மாவு கிள்ளக் குனிந்தேன். மாமா துணியை மூடினார். 'போதும்' என்றார்.

அன்றிரவு அத்தை குழம்பு வைத்தாள். கெண்டையினத்துச் சதையில் இடைமுள் மிகுதி. அவள் ஒவ்வொரு துண்டாக முள்ளெடுத்து இலையில் வைக்க, மாமா இடக்கையால் உண்டார். வலக்கை கடைசிவரை மீளவில்லை. இடக்கையோ அந்த ஓராண்டில் உருண்டையழுத்தி அழுத்தி, பொத்தான் மாட்டவும் தம்ளரைப் பிடிக்கவும் பழகிவிட்டது. பயிற்சி தர வந்தவர் அதனைக் கண்டு பந்தைப் பாராட்டினார், நாங்கள் மறுக்கவில்லை. 2014-இல் மாமா காலமானார்.

அவர் மறைவுக்குப் பின் அக்குறிப்பேட்டைப் புரட்டும்போதெல்லாம் ஒன்று தோன்றும். பதினான்கு கூட்டுகளில் எண்ணால் எழுதக்கூடியது யாவும் எழுதப்பட்டுள்ளது. ஆயின் அவ்வெண்களைக் கொண்டு மட்டும் ஒருவர் பிசைந்தால் மாமாவின் மாவு வாராது. மழைக்காலத் தவிடு குறைந்த நீரே கொள்ளும். கோடைத் தவிடு மிகுந்த நீர் கொள்ளும். செக்கு மாறினால் பிண்ணாக்கு மாறும். அதனால்தான் அவர் பங்கு சொல்லாது கையைக் காட்டினார் போலும். எண் வழி காட்டும். பதத்தைக் கையே முடிவு செய்யும். எழுதியது முழுமையன்று என்பதற்காக எழுதாது விடுவதும் முறையன்று. அரைகுறையாயினும் ஏட்டில் இருந்தால் அடுத்த கைக்கு அது தொடக்கமாகும்.

இதனைப் படிக்கும் மாணவருள் தூண்டில் பிடிப்போர் சிலரே இருப்பர். மற்றையோரும் இதனை வேறொன்றுக்குப் பயன்படுத்தலாம். உங்கள் வீட்டிலும் ஊறுகாய்க்கு உப்பைக் கைநோக்கில் அள்ளிப்போடுவார் ஒருவர் இருப்பார். மண்ணைத் தொட்டுப் பார்த்து விதைக்கும் நாள் கூறுவார் ஒருவர் இருப்பார். தறியின் நூலை விரலால் மீட்டி இழுவை பார்ப்பார் ஒருவர் இருப்பார். இவ்விடுமுறையில் ஒரு நாள் அவர் அருகே ஒரு தராசும் ஒரு குறிப்பேடும் கொண்டு அமருங்கள். அவர் அள்ளியதை நிறுத்து எழுதுங்கள். பின்பு உங்கள் கையையும் அதில் வைத்துப் பாருங்கள். அவர் பேசவல்லவராய் இருக்கும் நாளிலே அதனைச் செய்தல் நன்று. அருகிலே அடுக்களையில் நிற்பவரையும் கேட்டுக்கொள்ளுங்கள். பானை அவரிடம் இருக்கக்கூடும்.